குளிர் தொடங்கிவிட்டது, ஹீட்டரை மாற்றும் முன் இதை ஒருமுறை படியுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மார்கழி பிறந்ததிலிருந்து பட்டறைத் தொலைபேசிக்கு ஓய்வே இல்லை. அப்புத்தளையிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் அம்பேவல பக்கமிருந்தும் ஒரே பேச்சுத்தான்: "அண்ணே, கேரவன் ஹீட்டர் செத்துப்போச்சு, புதுசு ஒன்னு என்ன விலை?" விலையைச் சொல்லி ஒன்றை விற்றுவிடுவது எங்களுக்கு லேசான வேலை. ஆனால் இங்கே வந்து மேசையில் ஏறுகிற டீசல் ஹீட்டர்களில் பெரும்பாலானவை உண்மையில் சாகவில்லை. பற்றரியோ, வயரோ, டீசலோ, இல்லாவிட்டால் நம்முடைய மலைக்காற்றோதான் அவற்றை மடக்கிப் போட்டிருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தொலைபேசியில் சொல்வதைவிட, எல்லாவற்றையும் எழுதிக் கையில் கொடுத்துவிடலாம் என்று நினைத்தோம்.

முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று சுருக்கமாக. ஜெர்மன்காரர்களின் வெபாஸ்டோ, எபர்ஸ்பேச்சர் ஆனாலும் சரி, அதே பாணியில் வரும் சீன ஹீட்டர் ஆனாலும் சரி, வேலை செய்யும் விதம் ஒன்றுதான். சுவிட்சைப் போட்டதும் காற்றாடி மெதுவாகச் சுற்றும், டீசலைப் பற்றவைக்கும் குளோ பிளக் பழுக்கக் காயும், கொஞ்ச நேரத்தில் டீசல் பம்ப் டிக், டிக் என்று அடிக்கத் தொடங்கும், இரண்டு மூன்று நிமிடத்தில் உள்ளே தீ பிடிக்கும். தீ எரிவது மூடிய அறைக்குள். அதற்கான காற்று வண்டிக்கு வெளியிலிருந்து வருகிறது, புகையும் வெளியிலேயே போகிறது. நீங்கள் படுத்திருக்கும் இடத்துக்கு வருவது அந்தச் சூடான அலுமினிய உடம்பைத் தடவிக்கொண்டு வரும் வேறு காற்று. இந்த இரண்டு காற்றும் எங்கேயும் கலக்கக் கூடாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தீ பிடிக்காவிட்டால் ஹீட்டர் இன்னொரு தடவை முயன்று பார்த்துவிட்டு, திரையில் ஒரு இலக்கத்தைக் காட்டி நின்றுவிடும். சீன ஹீட்டர்களில் பெரும்பாலும் இ-10 என்றால் தீ பிடிக்கவில்லை, இ-08 என்றால் பிடித்த தீ அணைந்துவிட்டது, இ-01 என்றால் வோல்ட் போதவில்லை. மொடலுக்கு மொடல் இது மாறும், அதனால் உங்கள் கையேட்டையும் பாருங்கள். இ-10 வந்ததும் உடனே குளோ பிளக்கை வாங்கி மாற்றுபவர்கள் நிறையப் பேர். போன சீசனில் நாங்களே அந்தத் தவறைச் செய்தோம்.

கேரவனை வாடகைக்கு விடும் ஒரு அக்கா, வண்டியை நேரே எங்களிடம் கொண்டுவந்து நிறுத்தினார். இ-10. பற்றரியில் மீட்டர் வைத்தோம், 12.7 காட்டியது, நல்ல பற்றரிதான். குளோ பிளக்கை மாற்றினோம், பட்டறை வாசலில் தீ பிடித்தது, காசு வாங்கினோம், அனுப்பினோம். இரண்டே நாளில் விடியற்காலை நாலு மணிக்கு, வண்டிக்குள் குழந்தைகளோடு விருந்தாளிகள் நடுங்கிக்கொண்டிருக்க, அதே இ-10. மறுபடி வந்தபோதுதான் மீட்டரைச் சரியான இடத்தில் வைத்தோம்: பற்றரியில் அல்ல, ஹீட்டருக்குள் வயர் நுழையும் பிளக்கில், அதுவும் குளோ பிளக் காய்ந்துகொண்டிருக்கும் அந்த நிமிடத்தில். 10.2 வோல்ட். பியூஸ் கூட்டைத் திறந்தால் ஒரு பக்கப் பிளாஸ்டிக் தேயிலைச் சாயம் பிடித்த கோப்பைபோலப் பழுப்பேறி வளைந்திருந்தது, தகட்டின் மேல் பச்சைக் களிம்பு. நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தது. வயரோ ஸ்பீக்கருக்கு இழுக்கும் மெல்லிய வயர், அதுவும் நாலு மீட்டர் தூரத்துக்கு. குளோ பிளக் எட்டு, பத்து அம்பியர் இழுக்கும் சாமான். அந்த வயரில் அது எப்படிக் காயும்? பட்டறையில் தீ பிடித்ததற்குக் காரணம், அன்று நல்ல வெயில், வண்டி ஓடிவந்ததில் பற்றரியும் நிறைந்திருந்தது, அவ்வளவுதான். நல்ல தடித்த வயர் போட்டு, பியூஸ் கூட்டை மாற்றினோம். குளோ பிளக்குக்கு வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தோம். இன்றுவரை அந்த ஹீட்டர் நிற்கவில்லை.

ஆகவே முதல் வேலை இதுதான். ஒரு மல்டிமீட்டர் வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஹீட்டரைப் போட்டு, குளோ பிளக் காயும் நேரத்தில் ஹீட்டர் பக்கத்தில் அளந்து பாருங்கள். 11 வோல்ட்டுக்குக் கீழே போனால் பற்றரி, வயர், எர்த், பியூஸ் இந்த நான்கைத் தவிர வேறு எதையும் தொட வேண்டாம். சுமார் 10.5க்கு வந்ததும் அநேக ஹீட்டர்கள் தாமாகவே நின்றுவிடும். குளிரில் பற்றரியின் பலமும் குறையும் என்பதால் பகலில் ஓடியது இரவில் ஓடாமல் போவதில் அதிசயம் இல்லை.

இனி மலைக்காற்று விஷயம். கொழும்பிலிருந்து வரும் வண்டிக்காரர்கள் எங்களோடு சண்டைக்கு வருவதே இதனால்தான். "அங்கே ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தோம், ஒரு துளி புகை இல்லை, இங்கே வந்ததும் கரும்புகை தள்ளுது." சரிதான், அப்படித்தான் தள்ளும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரம். கொழும்பில் ஒரு வாளிக் காற்றில் இருக்கும் ஒட்சிசனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இங்கே குறைவு. ஹோட்டன் சமவெளிப் பக்கம் 2100 மீட்டருக்கு ஏறினால் இன்னும் குறையும். ஹீட்டரின் பம்போ கொழும்பில் அடித்த அதே அளவு டீசலை இங்கேயும் அடிக்கிறது. விறகு அதே அளவு, அடுப்புக்குக் காற்று குறைவு. மிச்சம் எரியாமல் கரியாகி, தீ எரியும் பர்னரின் சுவரிலும் குளோ பிளக்கைச் சுற்றியிருக்கும் சல்லடையிலும் அப்பிக்கொள்கிறது. 1500 மீட்டரைத் தாண்டி நெடுநாள் ஓட்டுவதென்றால் எரிபொருள் அளவைச் சரிசெய்ய வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. சில புது ஹீட்டர்கள் உயரத்தைத் தாங்களே உணர்ந்து குறைத்துக்கொள்ளும், சிலவற்றில் திரையில் உயரத்துக்கென்று ஒரு தெரிவு இருக்கும், மற்றவற்றில் பம்ப் ஒரு விநாடிக்கு எத்தனை தடவை அடிக்கிறது என்பதை நாம் குறைக்க வேண்டும். இதைக் கண்ணை மூடிக்கொண்டு குறைக்காதீர்கள். அளவுக்கு மேல் குறைத்தால் தீ நிலைக்காமல் அணையும். நாங்கள் செய்து தருகிறோம், அரை மணி நேர வேலை. மறுபடி கீழே கொழும்புக்கு, யாழ்ப்பாணத்துக்கு இறங்குபவர்கள் பழைய அளவுக்கு மாற்றிக்கொள்ள மறக்க வேண்டாம், பழைய எண்ணை ஹீட்டரின் மேல் சிட்டையில் எழுதி ஒட்டித்தான் அனுப்புவோம்.

கரி சேர இன்னொரு காரணம், இரவு முழுக்க ஆகக் குறைந்த அளவில் ஓட்டுவது. அதுவும் சின்ன வானுக்கு ஐந்து கிலோவாட் ஹீட்டர் பூட்டியிருந்தால், பத்து நிமிடத்தில் உள்ளே சூடாகிவிடும், பிறகு விடியும்வரை அது முனகிக்கொண்டே கிடக்கும். சின்ன வண்டிக்கு இரண்டு கிலோவாட் தாராளம், விற்கும்போதும் இதைத்தான் சொல்கிறோம், பெரியதை விற்றால் எங்களுக்கு லாபம் கூட என்றாலும். இரண்டு கிலோவாட் ஹீட்டர் ஓர் இரவு எட்டு மணி நேரம் ஓடினால் ஒன்றிலிருந்து இரண்டு லீட்டர் டீசல்தான் குடிக்கும். எந்த ஹீட்டரானாலும் காலையில் நிறுத்தும் முன் கால் மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டுங்கள். நிறுத்தும்போது ஹீட்டரின் சுவிட்சில் மட்டும் நிறுத்துங்கள். காற்றாடி சில நிமிடம் ஓடி உள்சூட்டைத் தள்ளிவிட்டுத் தானாக நிற்கும். பொறுமையில்லாமல் மெயின் சுவிட்சை அணைத்தால் அந்தச் சூடு முழுவதும் உள்ளேயே தங்கி வயரையும் சென்சரையும் தின்றுவிடும்.

டீசல் விஷயத்துக்கு வருவோம். பம்ப் டிக் டிக் என்று அடிக்கிறது, ஆனால் புகைகூட வரவில்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை. வெள்ளைப் புகை மண்டுகிறது என்றால் டீசல் போகிறது, தீ பிடிக்கவில்லை (தொடக்கத்தில் கொஞ்சம் வெள்ளைப் புகை வருவது வழமைதான், பயப்பட வேண்டாம்). பம்ப் படுக்கையாகப் பூட்டியிருந்தால் காற்றுக் குமிழி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். டீசல் வெளியேறும் முனை மேலே பார்த்தபடி சாய்வாக இருக்க வேண்டும். குழாய் இரண்டும் சேரும் இடத்தில் ரப்பருக்குள்ளே முனையும் முனையும் முட்டிக்கொண்டிருக்க வேண்டும், நடுவே இடைவெளி இருந்தால் அங்கேயும் காற்று சேரும். நம் ஊருக்கே உரிய ஒன்றும் உண்டு: வண்டியைச் சரிவில் நிறுத்துவது. டேங்கில் கால்வாசி டீசல், வண்டியின் மூக்குப் பள்ளத்தைப் பார்த்தபடி, அப்போது உறிஞ்சும் குழாயின் நுனி டீசலை விட்டு மேலே நிற்கும். றம்பொடைக்கு மேலே வளைவில் நின்று எங்களை அழைத்த ஒரு தம்பிக்கு நாங்கள் சொன்ன வைத்தியம், வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள் என்பதுதான். ஓடிவிட்டது.

2022 இல் டீசலுக்கு வரிசையில் நின்ற நாட்களில் கேனில் சேர்த்து வைக்கும் பழக்கம் வந்தது, சிலர் அதை இன்னும் விடவில்லை. இந்த ஈரத்தில் பாதி காலியான கேனின் உட்சுவரில் தண்ணீர் வியர்த்து அடியில் இறங்கும். கண்ணாடிப் போத்தலில் ஊற்றி ஓர் இரவு வைத்துப் பாருங்கள், அடியில் கோடு தெரிந்தால் அதை ஹீட்டருக்குக் கொடுக்காதீர்கள்.

மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியென்றால், அடியில் குனிந்து காற்று இழுக்கும் குழாயின் வாயை டோர்ச் அடித்துப் பாருங்கள். மண்குளவி அதற்குள் கூடு கட்டுவது சகஜம். போன மாதம் ஒன்றிலிருந்து விரல் நீளத்துக்கு மண்ணை எடுத்தோம், உள்ளே காய்ந்த சிலந்திகள் அடுக்கடுக்காக இருந்தன. கம்பியால் உள்ளே தள்ளிவிடாதீர்கள், குழாயைக் கழற்றி வெளியே எடுங்கள்.

இவ்வளவும் நீங்களே பார்க்கலாம். இனிச் சொல்வதில் மட்டும் தயவுசெய்து கை வைக்க வேண்டாம்: புகைக்குழாய். நம் வீதிகளின் குலுக்கலில் தரைக்கு அடியில் இருக்கும் கிளாம்ப் தளரும். அப்புத்தளைப் பக்கம் ஒரு குடும்பம், மண்மேட்டை ஒட்டி வண்டியை நிறுத்திவிட்டுப் படுத்திருக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு காபன் மொனொக்சைட் அலாரம் கத்தியது. அம்மாவுக்கு அதற்கு முன்பே தலைவலி, குளிர் என்று நினைத்துப் போர்வையை இழுத்துப் போர்த்தியிருக்கிறார். கதவைத் திறந்து எல்லோரும் வெளியே வந்ததால் பிழைத்தார்கள். மறுநாள் நாங்கள் பார்த்தபோது கிளாம்ப் தளர்ந்து, குழாய் ஒரு விரற்கடை விலகியிருந்தது. புகை மேட்டில் மோதித் திரும்பி வண்டிக்கு அடியிலேயே தேங்கி, தரை ஓட்டை வழியே உள்ளே ஏறியிருக்கிறது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் ஏற வேண்டிய இடத்தில் அது ஏறி உட்கார்ந்துகொள்ளும், எளிதில் இறங்காது. அந்த அலாரம் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எங்களுக்கு நெஞ்சு பதறுகிறது.

அதனால் இந்த சீசனிலிருந்து, அலாரம் இல்லாத வண்டிக்கு ஹீட்டர் பூட்டிக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். அலாரத்தை வாங்கிய விலைக்கே தருகிறோம், அதில் லாபம் வைக்கவில்லை. தலைவலி, தலைசுற்று, வாந்தி வருவதுபோல் இருந்தால் ஹீட்டரை நிறுத்திக்கொண்டிருக்காமல் முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள், பிறகு அம்புலன்ஸுக்கு 1990ஐ அழையுங்கள். ஹீட்டர் பழுதாகிவிட்டது என்று கரி அடுப்பை வண்டிக்குள் எடுத்துவைப்பதும் இதே ஆபத்துத்தான், அதைச் செய்யவே செய்யாதீர்கள். அந்த ஓர் இரவுக்குக் கம்பளி போதும்.

பட்டறைக்குக் கொண்டுவரும்போது ஹீட்டரைக் கழற்றித் தனியாகக் கொண்டுவர வேண்டாம், வண்டியோடு வாருங்கள், வயரையும் குழாயையும் பார்க்காமல் எங்களால் ஒன்றும் சொல்ல முடியாது. திரையில் வந்த இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். போட்டதிலிருந்து நிற்கும்வரை கைத்தொலைபேசியில் ஒரு வீடியோ எடுத்து அனுப்பினால் பம்ப் சத்தத்தை வைத்தே பாதியைச் சொல்லிவிடுவோம். கரி சுத்தம் செய்தால் கேஸ்கெட்டும் சல்லடையும் கட்டாயம் புதிதுதான், பழையதைத் திரும்பப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்காதீர்கள்.

தைப்பொங்கல் அன்றும் மறுநாளும் பட்டறை பூட்டியிருக்கும். சிவனொளிபாதமலை சீசனுக்கு நல்லதண்ணிப் பக்கம் வண்டி விடுபவர்கள் அதற்கு முன்பே வந்து பார்த்துக்கொண்டால் நல்லது.

அன்புடன்,
நுவரெலியாவிலிருந்து உங்கள் ஹீட்டர் பட்டறையினர்