படகுத்துறை நிர்வாகத்துக்கு: அடுத்த ஜூன் 1க்குள் ஒரு பதில் வேண்டும்

மதிப்புக்குரிய நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தின் ஆங்கிலப் பிரதி உங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. பதில்தான் வரவில்லை. ஃபுளோரிடாவில் பாய்மரப் படகு வாங்கி அதிலேயே குடியிருக்கலாமா என்று என்னிடம் ஆசையாகக் கேட்கும் தமிழ் நண்பர்கள் சிலர் உண்டு. அவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இப்போது தமிழில், பொதுவில் எழுதுகிறேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஹரிக்கேன் வாட்ச் அறிவித்தாயிற்று. புயல் காற்று தொட இன்னும் 48 மணி நேரம் இருக்கலாம் என்று அதற்குப் பொருள். அதற்கு அப்புறம் வந்தது உங்கள் மின்னஞ்சல். "உங்கள் பாதுகாப்பு கருதி" என்று தொடங்கி, படகில் குடியிருப்போர் எல்லாரும் மறுநாள் மதியத்துக்குள் படகோடு துறையைக் காலி செய்ய வேண்டும் என்று முடிந்திருந்தது.

ஆட்களை மட்டும் வெளியேறச் சொல்லியிருந்தால் சரி, நியாயம். நானும் மனைவியும் அதற்குத்தான் தயாராக இருந்தோம். படகை இறுக்கிக் கட்டிவிட்டு, ஆளுக்கு ஒரு பையோடு புயல் முகாமுக்குப் போவதுதான் திட்டம். படகுக்காக உயிரை விடுகிற அளவுக்கு எங்களுக்கும் வீரம் இல்லை. "படகோடு" என்ற அந்த ஒரு சொல்தான் எங்களைப் புயலுக்குள் அனுப்பியது.

புயலுக்குப் படகைக் கட்டிவைப்பது ஒரு வேலை. புயலுக்கு முன் அதை ஓட்டிக்கொண்டு போவது முற்றிலும் வேறு வேலை. கட்டிவைக்க வேண்டுமென்றால் காற்றுக்குப் பிடி கொடுக்கும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பாய்கள், நிழல் துணி, சோலார் தகடு எல்லாம். காற்றின் வேகம் இரட்டிப்பானால் அதன் விசை நான்கு மடங்காகும் என்பதால், பாயைக் கழற்றாமல் சுருட்டி மட்டும் விட்டுவைத்தவன் படகையே விட்டுவைத்தவன் ஆவான். உங்கள் மின்னஞ்சல் வந்தபோது எங்கள் பாய்கள் எல்லாம் மடித்து, நாங்கள் படுக்கும் இடத்தில் குவிந்து கிடந்தன. எல்லா வடங்களும் கட்டையிலிருந்து கட்டைக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியாகிவிட்டது. அத்தனையையும் அவிழ்த்தோம். பாயை மீண்டும் ஏற்ற நேரமில்லை. வெறும் எஞ்சினை நம்பிக் கிளம்பினோம். மக்கள் காரில் வெளியேறும் நேரத்தில் தூக்குப் பாலங்களைப் படகுகளுக்குத் திறக்காமல் பூட்டிவிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் பாய்மரம் வழியில் இருக்கும் தூக்குப் பாலத்துக்கு அடியில் நுழையாது என்பதும் தெரியும். உங்கள் படிவத்தில் அதன் உயரத்தை எழுதி வாங்கியிருக்கிறீர்களே.

பாலத்துக்கு இந்தப் பக்கமே, அலையாத்திக் காட்டு ஓடை ஒன்றில் ஒதுங்கினோம். நல்ல இடங்களையெல்லாம் முன்னால் வந்தவர்கள் பிடித்துவிட்டார்கள். அங்கே இறங்கிப் போகவும் வழி இல்லை. கரை என்றால் வேரும் சேறும்தான். முகாமுக்குப் போக எந்தச் சாலையும் அங்கே வருவதில்லை. ஆக, "பாதுகாப்பு கருதி" எழுதப்பட்ட மின்னஞ்சலின் விளைவாக, முகாமில் இருந்திருக்க வேண்டிய இருவர் அந்த இரவைப் படகுக்குள் கழித்தார்கள்.

அந்த இரவைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். நங்கூரச் சங்கிலியின் இழுப்பைத் தாங்க நைலான் வடம் கட்டுவோம். அது நீண்டு சுருங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். அப்படி நீண்டு சுருங்கும்போது உள்ளுக்குள் சூடாகும். படகின் விளிம்பில் உரசும் இடத்தில் தேயும். தேயாமல் இருக்க ரப்பர் குழாயை மாட்டினால், மழைத் தண்ணீர் வடத்தில் படாமல் இன்னும் சூடாகும். அதனால் இரவு முழுக்க, முகத்தில் ஊசி குத்துவதுபோல மழை அடிக்க, வயிற்றால் ஊர்ந்து படகின் முன்முனையான அணியத்துக்குப் போய், வடத்தைக் கையால் தடவிப் பார்த்து, சுற்றிய துணியை மாற்றிவிட்டு வர வேண்டியிருந்தது. நிற்க முடியாது. மனைவி கதவருகே என் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருந்தாள். நான் கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை, அவள் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. நங்கூரம் பெயர்ந்த ஒரு படகு இருட்டில் எங்களைத் தாண்டிப் போனது. எங்கள் மேல் மோதாமல் போனதில் எங்கள் திறமை எதுவும் இல்லை.

அந்த நேரத்தில் உங்கள் துறையில் எங்கள் இடம் காலியாக இருந்தது.

ஃபுளோரிடா சட்டத் தொகுப்பின் 327.59ஆம் பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது. வாட்ச் அல்லது அதற்கு அடுத்த கட்ட எச்சரிக்கையான வார்னிங் அறிவித்த பிறகு படகுகளை வெளியேற்றச் சொல்லும் விதியை, பெரிய கப்பல் துறைமுகங்களுக்குள் இருப்பவை தவிர வேறு எந்தப் படகுத்துறையும் வைத்திருக்கக் கூடாது என்கிறது. 1994 ஜூன் 1க்குப் பிறகு இதுதான் நிலை. சொத்தைக் காப்பதைவிட உயிரைக் காப்பது முதலில் வர வேண்டும் என்று காரணமும் அதிலேயே எழுதியிருக்கிறது. உங்கள் துறை பாழாகட்டும் என்றும் அந்தச் சட்டம் விட்டுவிடவில்லை. எந்த மாதிரி கயிறு, படகு உரசாமல் காக்க எந்த மாதிரி ஃபெண்டர் வேண்டும் என்று எங்களுக்கு நீங்கள் நிபந்தனை போடலாம். எச்சரிக்கை வந்த பிறகு நீங்களே எங்கள் படகை இன்னும் இறுக்கிக் கட்டி, நியாயமான கூலியும் வாங்கிக்கொள்ளலாம். இத்தனை வழியைத் திறந்து வைத்திருக்கும்போது, மூடியிருக்கும் ஒரே கதவை ஏன் உடைக்கிறீர்கள்?

காரணம் எனக்கும் தெரியும். 2022இல் இயன் புயல் கரையேறியபோது ஃபோர்ட் மையர்ஸ் பீச்சில் கடல் 10 அடிக்கு மேல் ஏறியது. படகுகளைக் கட்டும் மிதக்கும் மேடைகளைத் தூண்கள்தான் பிடித்து நிறுத்துகின்றன; தண்ணீர் அந்தத் தூண்களின் உச்சிக்கு மேல் ஏறிவிட்டால் மேடைகள் படகுகளோடு சேர்ந்து கழன்று போகும். அந்தப் பயம் எனக்கும் உண்டு. அப்படியானால் தூண்களை உயர்த்துங்கள்; அதற்கென்று வாடகையை உயர்த்தினாலும் முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடுவோம். வேறு எதற்கெல்லாமோ உயர்த்தும்போது கட்டவில்லையா? காப்பீட்டு நிறுவனம் எங்கள் புயல் திட்டத்தை எழுத்தில் கேட்கிறது. "இந்தத் துறையில் கட்டுவோம்" என்று எழுதினால்தான் பாலிசி. துறையோ புயல் வந்தால் போ என்கிறது. படகில் வாழ்பவனுக்கு விலாசமே சந்தேகத்துக்குரியது. வங்கி நம்பாது, ஓட்டுநர் உரிம அலுவலகம் நம்பாது. மாதா மாதம் எங்களை நம்புவது உங்கள் வாடகைப் பிரிவு ஒன்றுதான். அவர்களுக்காவது என் நன்றி.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன்.

வாட்ச் வந்த பிறகு படகுகளை வெளியேற்ற மாட்டோம் என்று எழுத்தில் தாருங்கள். அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 அன்று தொடங்கி நவம்பர் 30 வரை போகிறது. அது தொடங்கும் முன்பே தாருங்கள். உங்கள் தூண்கள் எந்த உயர வெள்ளம் வரை தாங்கும் என்பதையும் அதே தாளில் சொல்லிவிடுங்கள். போதாது என்று தோன்றினால் மே மாதத்திலேயே, வெயிலில், பாய் விரித்து, பாலங்கள் திறந்திருக்கும்போது நாங்களே வேறு துறை தேடிப் போய்விடுவோம். ஆனால் புயல் முகத்தில் வந்து நிற்கும்போது எங்களைப் படகோடு வெளியே தள்ளாதீர்கள். இதைவிடப் பெரிதாக நான் எதையும் கேட்கவில்லை.

ஆங்கிலப் பிரதி தொலைந்திருந்தால் சொல்லுங்கள், இன்னொன்று கொண்டுவந்து தருகிறேன்.

பணிவுடன்,
உங்கள் துறையில் படகில் குடியிருக்கும் ஒருவன்