பால் பவுடரில் உள்ள எண்ணெய் பற்றிய என் கேள்விக்குப் பதில் தராதது குறித்துப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர்

ஐயா,

என் மகளுக்கு நாலு மாதம் முடிந்துவிட்டது. எடை ஆறரை கிலோ. எனக்குப் பால் சரியாகச் சுரக்காததால், டாக்டர் சொன்னபடி உங்கள் பவுடரைக் கொடுத்து வருகிறோம். இப்போது அவளுக்கு முழுச் சாப்பாடும் அதுதான். 400 கிராம் டின் மூன்று நாள்தான் வருகிறது. ('தாய்ப்பாலே சிறந்தது' என்று டின்னிலேயே போட்டிருக்கிறீர்கள். தெரியும். அது கிடைக்காததால்தானே உங்கள் டின் எங்கள் வீட்டில் இருக்கிறது.)

சேர்மானங்களில் பாமோலின் (பாமாயிலிலிருந்து பிரித்தெடுக்கும் எண்ணெய்) என்று இருக்கிறது. பாமாயிலின் வாடையைப் போக்க 200 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சுத்திகரிக்கும்போது கிளிசிடைல் எஸ்டர், 3-எம்சிபிடி எஸ்டர் என்ற இரண்டு வேண்டாத பொருள்கள் உருவாகின்றன. உங்கள் பவுடரில் இவை எவ்வளவு இருக்கின்றன என்று இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். "எங்கள் தயாரிப்பு எல்லா விதிமுறைகளுக்கும் உட்பட்டது" என்று ஒரே ஒரு வரி வந்தது. அப்புறம் போனில் பேசிய உங்கள் ஊழியர், "தண்ணியை ரொம்பக் கொதிக்க வச்சுக் கலக்குறீங்களாம்மா?" என்று கேட்டார்.

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. கொதிக்க வைத்த தண்ணீரை 70 டிகிரிக்குக் கீழே ஆறவிடாமல் கலக்கச் சொல்வது உலக சுகாதார நிறுவனம். பவுடரில் இருக்கக்கூடிய கிருமி சாகத்தான் அந்தச் சூடு. என் அடுப்படிச் சூட்டில் இந்தப் பொருள்கள் உருவாகாது. எண்ணெய் ஆலையிலேயே உருவாகி, எண்ணெயோடு சேர்ந்து டின்னுக்குள் வருகின்றன. பழியை மட்டும் பால் கலக்குகிறவள் மேல் போடுகிறீர்கள்.

கிளிசிடைல் எஸ்டர் வயிற்றில் கிளிசிடாலாகப் பிரிகிறது. அது மரபணுவைச் சேதப்படுத்தும், புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே சொல்லிவிட்டது. அதனால் குழந்தைப் பால் பவுடரில் கிலோவுக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2019-ல் அங்கே வரம்பை இறுக்கினார்கள். 3-எம்சிபிடி எலிகளின் சிறுநீரகத்தைப் பாதித்தது. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 2 மைக்ரோகிராம் வரை போகலாம் என்று அதே ஆணையம் 2018-ல் கணக்குச் சொன்னது. என் மகளுக்கு அது 13 மைக்ரோகிராம். அவள் தினமும் குடிப்பது சுமார் 130 கிராம் பவுடர். அப்படியானால் ஒரு கிலோ பவுடரில் 100 மைக்ரோகிராமைத் தாண்டினாலே அவளுக்கு அதிகம். பெரியவர்கள் பத்து விதமாகச் சாப்பிடுகிறோம். அவளுக்கு இருப்பது ஒரே டின்.

உங்கள் டின்னில் விஷம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அளவைத்தான் கேட்கிறேன். டின்னின் அடியில் உள்ள பேட்ச் எண்ணைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். அந்த பேட்சில் இரண்டும் எவ்வளவு என்ற ஆய்வக அறிக்கை வேண்டும். இவற்றைக் குறைக்கும் வழிகளை, உலக அளவில் உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு 2019-லேயே வகுத்துக் கொடுத்திருக்கிறது. உங்களுக்கு எண்ணெய் தருகிறவர்கள் அதில் எதைச் செய்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள். சோதனையே செய்வதில்லை என்றால் அதையாவது நேராகச் சொல்லிவிடுங்கள்.

காசைத் திருப்பித் தர வேண்டாம், இலவச டின்னும் அனுப்ப வேண்டாம். 15 நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் இந்தக் கடிதத்தின் நகல் உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் போகும்.

இப்படிக்கு,
ஒரு வாடிக்கையாளர், மதுரை