சென்டரைத் திட்டுவதற்கு முன்: மிச்சிகன் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியைப் பார்க்க மிச்சிகன் ஸ்டேடியத்தில் சனிக்கிழமைகளில் கூடும் லட்சம் பேருக்கும், வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து அவர்களைவிடச் சத்தமாகக் கத்தும் மற்றவர்களுக்கும்,

வணக்கம். ஒரு ஆட்டம் தோற்றால் போதும், "இடது கார்டை உட்கார வை, லைன் கோச்சைத் துரத்து" என்று ஆரம்பித்துவிடுகிறோம். பந்து நம்மிடம் இருக்கும்போது முன்னால் நின்று எதிரணியைத் தடுக்கும் ஐந்து பேர்தான் ஆஃபென்ஸிவ் லைன்: நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டுகள், ஓரங்களில் டாக்கிள்கள். அது சொதப்பினால் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அந்தக் கோபம் பெரும்பாலும் தப்பான ஆள்மேல், அதுவும் மூன்று வருடம் தாமதமாகப் போய் விழுகிறது. 2013 சீசனை நினைத்துப் பாருங்கள்.

அந்த அக்டோபரில் பென் ஸ்டேட்டுக்கு எதிராக நம் ரன்னிங் பேக் ஃபிட்ஸ்ஜெரால்ட் டூசைன்ட் 27 முறை பந்தை எடுத்துக்கொண்டு ஓடி 27 யார்டு சேர்த்தார். நவம்பர் 2 அன்று மிச்சிகன் ஸ்டேட் நம்மை 29-6 என்று அடித்தபோது நம் ஓட்டக் கணக்கு மைனஸ் 48 யார்டு. அடுத்த வாரம் நெப்ராஸ்காவிடம் மைனஸ் 21. கல்லூரி ஆட்டத்தில் சாக்கில், அதாவது பந்தை வீசும் குவார்ட்டர்பேக் வீசுவதற்குள் வீழ்த்தப்படும்போது, இழந்த யார்டையும் ஓட்டக் கணக்கில்தான் கழிப்பார்கள். இரண்டு ஆட்டத்திலும் ஏழேழு சாக். ஆக அந்த மைனஸ், ஓட்டத்துக்கு வழி திறக்கும் ரன் பிளாக்கிங்குக்கும் வீசுபவரைக் காக்கும் பாஸ் பிளாக்கிங்குக்கும் சேர்த்துப் போட்ட மார்க்.

மிச்சிகன் ஸ்டேட் செய்தது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. சென்டர் குனிந்து பந்தைப் பிடித்திருக்கிறார். அவருக்கு இரண்டு பக்கமும் உள்ள இடைவெளிகளில் இடத்துக்கு ஒருவராக எதிரணியின் லைன்பேக்கர்கள் (வழக்கமாக முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்கள்) வந்து நிற்கிறார்கள். இருவரும் பாயலாம், ஒருவர் மட்டும் பாயலாம், இருவருமே பின்வாங்கிப் பாஸை மறிக்கவும் போகலாம். பந்தைக் கால் இடுக்கு வழியாகப் பின்னால் அனுப்பிய கை மேலே வருவதற்குள் யாரைத் தடுப்பது என்று சென்டர் முடிவெடுத்திருக்க வேண்டும். அதே முடிவு இரண்டு கார்டுகளுக்கும் ரன்னிங் பேக்குக்கும் தெரிந்திருக்க வேண்டும். கபடியில் சங்கிலி போட்டு நிற்கும்போது ஒரு கை நழுவினால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும். நாலு பேர் சரியாகச் செய்தது யார் கண்ணிலும் படாது. நம் குவார்ட்டர்பேக் டெவின் கார்ட்னர் தரையில் கிடப்பது மட்டும் தெரியும்.

இத்தனைக்கும் அந்த லைனின் இரண்டு ஓரத்திலும் நின்றவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. டெய்லர் லூவன், தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2014 டிராஃப்டில் 11-ஆவது ஆளாகப் போனார். மைக்கேல் ஸ்கோஃபீல்ட் மூன்றாம் சுற்றில் போனார். ஓட்டை நடுவில் இருந்தது. அங்கே ரெட்ஷர்ட் வருடத்தை (ஆட்டத்தில் இறங்காமல் பயிற்சி மட்டும் எடுக்கும் வருடம்) முடித்த சின்னப் பையன்கள், பள்ளியிலிருந்து நேராக வந்த ஒரு பையன், ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியில் சேர்ந்த கிரஹாம் கிளாஸ்கோ. (கிளாஸ்கோவை 2016-இல் என்எஃப்எல் அணியான டெட்ராய்ட் லயன்ஸ் எடுத்தது. அன்றைக்கு எத்தனை பேர் அவரைத் திட்டினோம்!)

ஏன் இப்படி? 2010-இல் ஹைஸ்கூலிலிருந்து நாம் எடுத்தது ஒரே ஒரு லைன்மேன். அவரும் உடல்நலக் காரணத்தால் ஆட முடியாமல் போனார். 2011 ஜனவரியில் தலைமைக் கோச் ரிச் ராட்ரிகஸை வெளியேற்றி பிரேடி ஹோக்கைக் கொண்டுவந்தோம். புது வீரர்கள் கல்லூரியில் சேரக் கையெழுத்திடும் நாளுக்குச் சில வாரங்களே இருந்தபோது அவசரமாக ஆள் பிடித்தார்கள். அந்த இரண்டு வருட வரவுதான் 2013-இல் நடுவில் நின்று விளையாடியிருக்க வேண்டும். அப்புறம் நவம்பரில் வந்து சென்டரிடம் கணக்குக் கேட்டால் எப்படி?

ஹோக்கையும் சும்மா விடச் சொல்லவில்லை. நடுவில் இருக்கும் மூவரை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குமேல் பயிற்சி கூடாது என்பது கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏவின் விதி. அதற்குள் பக்கத்தில் நிற்பவனின் அசைவு எப்படிப் பழகும்? போதாக்குறைக்கு இரண்டு டாக்கிள்களையும் ஒரே பக்கம் நிறுத்தும் அமைப்பு வேறு. அதைப் பார்த்ததும் ஓட்டம்தான் வரப்போகிறது என்று எதிரணிக்குத் தெரிந்துவிடும். அதே நவம்பர் கடைசியில் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிராக, அதே பையன்களை வைத்துக்கொண்டு 603 யார்டு எடுத்து 42-41 என்றுதான் தோற்றோம்.

நல்ல லைன் எப்படி இருக்கும் என்பதும் நமக்குத் தெரியும். 2021, 2022 இரண்டு வருடமும் சிறந்த லைனுக்கான ஜோ மூர் விருது நமக்குத்தான். 2023-இல் ஒஹாயோ ஸ்டேட் ஆட்டத்தின் நடுவில் வலது கார்டு ஸாக் ஸின்டரின் கால் உடைந்தது. வலது டாக்கிளில் ஆடிக்கொண்டிருந்தவர் கார்டுக்கு நகர்ந்தார், பெஞ்சில் இருந்த மூத்த வீரர் டாக்கிளுக்கு வந்தார். அடுத்த பந்திலேயே ரன்னிங் பேக் பிளேக் கோரம் 22 யார்டு ஓடி டச்டவுன். பெஞ்சிலும் வருடக்கணக்கில் பழகிய ஆள் இருந்தால்தான் அது நடக்கும். இப்போது வீரர்கள் கல்லூரி மாற உதவும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் இருக்கிறதே என்பீர்கள். சரி, வர்ஜீனியாவிலிருந்து ஒலுவாடிமி வந்து 2022-இல் சென்டர் இடத்தை அருமையாக நிரப்பினார். ஆனால் அவர் நிரப்பியது ஒரு இடம். மூன்று இடம் காலியாக இருந்தால் போர்ட்டலும் கைகொடுக்காது.

அதனால் கேட்பது இதுதான். டிசம்பரில் புது வரவுப் பட்டியல் வரும்போது எல்லோரும் குவார்ட்டர்பேக் பெயரைத்தான் தேடுவோம். இந்த முறை லைன்மேன்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். மூன்றுக்குக் கீழே இருந்தால் அன்றைக்கே, தடகளத் துறை இயக்குநருக்குக் கேட்கும்படி கத்துங்கள். நானும் சேர்ந்து கத்துகிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒரு ரசிகன்