அந்தப் பெரிய வேலையை ஏன் வேண்டாம் என்றேன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். போன ஞாயிற்றுக்கிழமை போனில், "இவ்வளவு கஷ்டப்பட்டுப் படித்துவிட்டு, தேடி வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டாயேம்மா" என்று கேட்டீர்கள். நான் ஏதோ சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். அப்புறம் இரவெல்லாம் தூக்கம் இல்லை. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து என்னை எம்பிஏ படிக்க ஜெர்மனிக்கு அனுப்பியவர் நீங்கள், முழுக் கணக்கும் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

படிப்பு முடித்தவர்கள் வேலை தேட இங்கே 18 மாதம் தங்க அனுமதி தருகிறார்கள். எனக்கு ஐந்தாவது மாதத்திலேயே இரண்டு வேலை கிடைத்தது. ஒன்று நீங்கள் கேள்விப்பட்ட கன்சல்டிங் வேலை. திங்கட்கிழமை விடியற்காலை ரயில் ஏறினால் வியாழன் இரவுதான் வீடு. இன்னொன்று இங்கே மன்ஹைமிலேயே, இயந்திர பாகங்கள் செய்யும் ஒரு நடுத்தர நிறுவனத்தில், கொள்முதல் பிரிவில். சம்பளம் கால் பங்கு குறைவு. வரி, காப்பீடு எல்லாம் பிடித்தம் போகக் கைக்கு வரும்போது வித்தியாசம் கொஞ்சம் சுருங்குகிறது, ஆனாலும் வித்தியாசம் வித்தியாசம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

படிக்கும்போது ஒரு புராஜெக்டுக்காக இரண்டு மாதம் இதே மாதிரி வாராவாரம் ஊர் ஊராகப் போய் வந்தேன் இல்லையா, அப்போது ஒரு வெள்ளிக்கிழமை காலை பாப்பாவுக்கு ஷூ மாட்டிவிடக் கையை நீட்டினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், ஷூவைத் தூக்கிக்கொண்டு அவள் அப்பாவிடம் போய்விட்டாள். அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. ஷூ மாட்டுவது அவர் வேலை என்று அவளுக்குப் பழகிப் போயிருந்தது, அவ்வளவுதான். அதை வைத்து மட்டும் நான் முடிவெடுக்கவில்லை அப்பா. ஆனால் அதை மறக்கவும் முடியவில்லை.

உங்கள் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்பது வருட மெக்கானிக்கல் வேலையை விட்டுவிட்டு எனக்காக வந்தவர். நான் வகுப்பில் இருந்த அந்த ஒரு வருடமும் பாப்பாவைப் பார்த்துக்கொண்டது அவர்தான். ஒரு வயது முடிந்த எல்லாக் குழந்தைக்கும் காப்பகத்தில் இடம் கேட்கும் உரிமை உண்டு என்று 2013-லேயே இங்கே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருக்கிறது, இடம்தான் இல்லை, ஏழு மாதம் காத்திருந்தோம். கிட்டா என்று சொல்கிற அந்தக் காப்பகத்தில் இடம் கிடைத்த பிறகும் குழந்தையை வாசலில் விட்டுவிட்டு வந்துவிட முடியாது. முதல் நாட்களில் அப்பாவோ அம்மாவோ கூடவே உட்கார வேண்டும், பிறகு பத்து நிமிடம் வெளியே போய் வர வேண்டும், பிறகு அரை மணி நேரம், இப்படிக் குழந்தை பழகும்வரை. நாலு வாரம் அந்தச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்திருந்தது அவர். உட்கார்ந்த இடத்திலேயே ஜெர்மன் இலக்கணப் புத்தகம் படித்தார்.

இப்போது அவர் முறை. அக்டோபரில் முதுகலைப் படிப்பில் சேரப் போகிறார், இரண்டு வருடம், முழுக்க ஜெர்மன் மொழியில். நான் வாரத்தில் நாலு நாள் ஊரில் இல்லாவிட்டால் அவரால் வகுப்புக்குப் போக முடியாது. எனக்கும் மாலை நேர மொழி வகுப்பு நின்றுவிடும். இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. என்னுடைய ப்ளூ கார்டில், அதாவது பட்டம் படித்த வெளிநாட்டவருக்கு இங்கே வேலை பார்க்கத் தரும் அனுமதியில், 27 மாதம் வேலை பார்த்தால் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கேட்கலாம், ஜெர்மன் மொழியில் பி1 என்ற நடுத்தர நிலை தேறினால் 21 மாதமே போதும். ஆறு மாதம் முன்னால் அந்த அனுமதி வந்துவிட்டால் விசாவை நினைத்துப் பயப்படாமல் அவரும் வேலை தேடலாம், நானும் வேலை மாறலாம்.

முனைவர் பட்டத்துக்குச் சேரலாமே என்று பேராசிரியர் ஒருவர் கூப்பிட்டார். இங்கே அதைச் சம்பளத்தோடு செய்ய முடியும், ஆனால் பல இடங்களில் முழுச் சம்பளம் இல்லை. ஆசையாக இருந்தது. கடன் தவணை அதுவரை காத்திருக்காது என்பதால் இப்போதைக்கு இல்லை என்றேன்.

நான் சேர்ந்த இடத்தில் வருடத்துக்கு 30 நாள் விடுப்பு, சட்டப்படி குறைந்தபட்சம் 20 நாள்தான். என் மேலாளர் குழந்தை பிறந்தபோது இரண்டு மாதம் விடுப்பில் போனவர். பெற்றோர் இருவரும் பகிர்ந்துகொண்டால் மொத்தம் 14 மாதம் வரை, சம்பளத்தில் சுமார் 65 சதவீதத்தை, ஒரு உச்ச வரம்புக்கு உட்பட்டு, அரசாங்கமே தருகிறது. அவர் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று சக ஊழியர்கள் சாதாரணமாகச் சொன்னார்கள். எனக்கு அது சாதாரணமாகப் படவில்லை. அம்மா அடிக்கடி கேட்கும் அந்த இரண்டாவது குழந்தை விஷயத்தை நாங்கள் பயமில்லாமல் பேசியதே அதற்கப்புறம்தான். அம்மாவிடம் இப்போதே சொல்ல வேண்டாம்.

எல்லாம் சுலபம் என்று நினைக்காதீர்கள். வகுப்பில் முதலில் கை தூக்குகிறவள் நான். இங்கே கூட்டங்கள் ஜெர்மனில் நடக்கின்றன, பாதிதான் புரிகிறது, நல்ல யோசனை இருந்தும் அதைச் சொல்ல வார்த்தை கிடைப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடுகிறது. கூடப் படித்தவர்கள் பெரிய பெயர்களில் சேர்ந்த செய்தி வரும்போது மனம் கொஞ்சம் சுருங்குகிறது. அது உண்மை.

கடன் கணக்குக்கு வருகிறேன். படிப்பு முடிந்த பிறகு கொடுத்த ஒரு வருட அவகாசம் முடியப் போகிறது. தவணை தொடங்கும் மாதத்திலிருந்து முழுத் தொகையையும் நான் அனுப்புகிறேன், நீங்கள் பென்ஷனில் இருந்து ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாம். கன்சல்டிங் வேலையில் இருந்தால் நாலு வருடத்தில் முடித்திருப்பேன், இதில் ஆறு வருடம் ஆகும். அதாவது பத்திரம் உங்கள் கைக்கு வர இரண்டு வருடம் கூடுதல். என் முடிவில் உங்கள் மேல் விழுந்த பாரம் அது ஒன்றுதான். அதைக் கேட்காமலே செய்துவிட்டேன், என்னை மன்னியுங்கள் அப்பா.

நீங்கள் நினைப்பதைப் போனில் வேண்டாம், கடிதமாகவே எழுதுங்கள். விலாசத்தில் தெருப் பெயர் விட்டுப்போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இந்த ஊரின் நடுப்பகுதியைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் மட்டும் கொடுத்திருக்கிறார்கள். உறையின் பின்னால் இருப்பதை அப்படியே எழுதினால் போதும், வந்து சேரும்.

உங்கள் அன்பு மகள்