கிரகணத்தன்று பிள்ளைகளை வகுப்பில் அடைக்காதீர்கள்

சென்னைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு,

வணக்கம். 2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை மாலை சென்னையில் பகுதி சூரிய கிரகணம் தெரியும். இதுவரை இந்த விஷயம் உங்கள் மேசைக்கு வந்திருக்காது. 2010இல் மாட்டுப் பொங்கல், 2019இல் அரையாண்டு விடுமுறை, 2020இல் ஊரடங்கு ஞாயிறு, 2022இல் தீபாவளிக்கு மறுநாள் என்று கிரகணங்கள் லீவு நாளாகப் பார்த்து வந்தன. இது வேலை நாள். பெற்றோர் போன் செய்வார்கள். சீக்கிரம் அனுப்பிவிடலாமா, ஜன்னலைச் சாத்தலாமா என்று ஸ்டாஃப் ரூமில் பேச்சு எழும்.

சூரியனுக்கும் நமக்கும் நடுவே நிலா வருகிறது, அதன் நிழல் நம்மேல் விழுகிறது. அவ்வளவுதான். புதிதாக விஷக்கதிர் எதுவும் வருவதில்லை. நிலாவின் பாதை சுமார் 5 டிகிரி சாய்ந்திருப்பதால் பெரும்பாலான அமாவாசைகளில் நிழல் பூமியில் படாமல் தப்பிவிடுகிறது. அன்று நடு நிழல் எகிப்தின் லக்ஸர் வழியே போகும். அங்கே 6 நிமிடத்துக்கு மேல் சூரியன் முழுதாக மறையும். நமக்கு ஓரம்தான். வீட்டில் தர்ப்பை போடுவது அவரவர் வழக்கம், அதில் எனக்குச் சண்டையில்லை.

பயப்பட வேண்டியது வெறும் கண்ணால் உற்றுப் பார்ப்பதற்குத்தான். விழித்திரைக்கு வலி தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் பார்வையின் நடுவில் மங்கல் தட்டும். எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ், கரி பிடித்த கண்ணாடி, தாம்பாளத்து மஞ்சள் தண்ணீர் எதுவும் வேண்டாம். ஐஎஸ்ஓ 12312-2 தரமுள்ள, கீறல் விழாத கிரகணக் கண்ணாடி வேண்டும். இல்லையென்றால் 14ஆம் எண் வெல்டிங் கண்ணாடி. அதை மாட்டிக்கொண்டு பைனாகுலரில் பார்க்கவே கூடாது. லென்ஸ் குவிக்கும் வெப்பம் கண்ணாடியைப் பொசுக்கிவிடும். இங்கே முழுதாக மறையாததால், கண்ணாடியைக் கழற்றலாம் என்ற நொடியே கிடையாது.

காசில்லாத வழியும் உண்டு: பூந்திக் கரண்டி. வெயிலுக்கு முதுகு காட்டி, சுவரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று கரண்டியை உயர்த்திப் பிடித்தால், ஒவ்வொரு ஓட்டையும் ஓரம் கடிபட்ட குட்டிச் சூரியனைச் சுவரில் பதிக்கும். அட்டையில் ஊசித்துளை போட்டால் ஒரு மீட்டர் தள்ளி சுமார் 9 மி.மீ. அகலத்தில் விழும். மைதானத்தில் புங்க மரம் இருந்தால் வேலையே இல்லை, இலை இடுக்கெல்லாம் துளைதான். துளை வழியே சூரியனைப் பார்க்க எவனாவது ஒருவன் முயல்வான். முன்பே சொல்லி வையுங்கள்.

சூரியன் மேற்கே சரிந்திருக்கும். அபார்ட்மெண்ட் மறைக்காத இடமாக இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி வாங்குவதென்றால் ஜூனிலேயே வாங்கிவிடுங்கள். கடைசி வாரத்தில் போலிதான் கிடைக்கும். 2031 மே 21இல் தென் தமிழகத்தில் வளைய கிரகணம். அது கோடை விடுமுறை, உங்களுக்குத் தலைவலி இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார், மயிலாப்பூர்