சிறகு தளரும் நேரம்

சூளூர்பேட்டை,
தை மாதம், ஞாயிறு காலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் கூடவே வைத்திருந்த மீன்கொத்திப் படமும் புதன்கிழமை வந்து சேர்ந்தன. பேத்திக்குக் காது குத்தியாயிற்று என்று படித்ததும் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். என் முழங்கால் இப்போது பரவாயில்லை, தரையில் படுத்து எழ முடிகிறது. ஸ்டுடியோவைச் சின்னவனே முழுக்கப் பார்த்துக்கொள்கிறான். அதனால் விடிந்ததும் நான் பழவேற்காடு ஏரிப் பக்கம் போய்விடுகிறேன்.

படத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்லச் சொன்னாய். கூர்மை பிரமாதம். மார்பு வெள்ளையில் ஒவ்வொரு இழையும் தனியாகத் தெரிகிறது, அலகின் சிவப்பும் அப்படியே வந்திருக்கிறது. ஆனாலும் மேஜைமேல் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. நேற்று ராத்திரிதான் பிடிபட்டது. அந்தப் பறவை உன்னைப் பார்த்துவிட்டது. கழுத்து நீண்டிருக்கிறது, இறகெல்லாம் உடம்போடு ஒட்டிக் கிடக்கிறது. அடுத்த நொடியே பறந்திருக்குமே, இல்லையா?

நாம் வேலை பழகிய ஸ்டுடியோவை நினைத்துப் பார். பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்கள் தோளை இறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். படத்தில் மூக்கு, காது, மச்சம் எல்லாம் வரும், ஆள் வரமாட்டார். நம் முதலாளி விளக்கை அப்படி இப்படி நகர்த்திக்கொண்டே சொந்த ஊரைக் கேட்பார், பிள்ளைகளைக் கேட்பார். தோள் இறங்கும் வரை பட்டனில் கை வைக்கமாட்டார். பறவைக்கும் அந்த இறக்கம் உண்டு. பயந்தால் இறகு படியும், பயம் போனால் தளரும். ஒற்றைக் காலில் நிற்கும், அலகால் இறகைக் கோத ஆரம்பிக்கும். நம்மால் செய்ய முடிந்தது, அதுவரை அசையாமல் இருப்பது ஒன்றுதான்.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். ஸ்ரீஹரிகோட்டா சாலையில் இரண்டு பக்கமும் தண்ணீர். தூரத்தில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. நான் அவற்றை விட்டுவிட்டு, படகுகள் ஒதுங்கும் கரையில் நின்ற ஒரு கூழைக்கடாவுக்காகச் சேற்றில் படுத்தேன். இங்கே தெலுங்கில் அதைக் கூடபாத்து என்பார்கள். முதலில் நான் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் நான் கேமராவைத் தூக்கவில்லை. அப்புறம் அலகை வால் அடிக்குக் கொண்டுபோய் அங்கேயுள்ள எண்ணெய்ச் சுரப்பியைத் தொட்டு, மார்பிலும் இறக்கையிலும் தேய்க்க ஆரம்பித்தது. தேய்த்து முடித்ததும் உடம்பு முழுக்க இறகைச் சிலிர்த்து ஒரு உதறு உதறியது பார்! அதற்குப் பிறகு நாலைந்து நொடி இறகு அப்படியே உப்பி நின்றது. பின்கழுத்துச் சுருட்டை மயிர் வெயிலில் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மேல் அலகின் ஓரமாக, மைப் பேனாவை வரிசையாகத் தொட்டு எடுத்த மாதிரி நீலக் கருப்புப் புள்ளிகள். அப்போது எடுத்த படத்தில் ஒன்றைத்தான் இதோடு வைத்திருக்கிறேன்.

அந்த நேரத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. கூழைக்கடாவின் அலகு ஏறக்குறைய ஒரு அடி நீளம். பத்து மீட்டர் தூரத்தில், 400 மி.மீ. லென்ஸின் ஒளித்துளையை 5.6 அளவில் திறந்து வைத்தால் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 20 செ.மீ. மட்டுமே. அலகு நேராக நம் பக்கம் நீண்டிருந்தால் கண் தெளியும்போது நுனி கலங்கிவிடும். முழுக்கப் பக்கவாட்டில் நின்றால் எல்லாம் தெளிவாக வரும், ஆனால் நாணயத்தில் அடித்த தலை மாதிரி இருக்கும். பக்கவாட்டிலிருந்து கொஞ்சமே கொஞ்சம் நம் பக்கம் திரும்பிய தலைதான் எனக்கு வேண்டும். வாடிக்கையாளரிடம் 'தாடையை இந்தப் பக்கம் திருப்புங்க' என்போமே, அதே அளவு. பறவை தானாகத் திருப்பும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அடுத்தது கண். கண் தெளியாவிட்டால் மற்றது எல்லாம் வீண், அது உனக்கே தெரியும். நான் சொல்ல வருவது கண்ணுக்குள் விழும் ஒளிப்பொட்டு. முதலாளி அதைக் கடிகாரத்தில் பத்து மணி இருக்கும் இடத்தில் விழ வைப்பார். இங்கே வானமே அதைப் போட்டுத் தருகிறது, காலை வெயில் நம் முதுகுப் பக்கம் இருந்தால் போதும். காக்கையை எடுத்துப் பார்: கருப்பு முகத்தில் கருப்புக் கண். அந்தப் பொட்டு இல்லாவிட்டால் அங்கே ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். இன்னொன்று, பறவைக்கு மூன்றாவது இமை உண்டு, பக்கவாட்டில் வந்து கண்ணைத் துடைத்துவிட்டுப் போகும். அந்த நேரத்தில் எடுத்த படத்தில் கண் பால் படிந்தது போல் இருக்கும். அதற்காகவே ஒன்றுக்கு நாலாக எடுக்கிறேன்.

சேற்றில் ஏன் படுக்க வேண்டும் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். கரைமேல் நின்று கீழே பார்த்து எடுத்தால் பறவைக்குப் பின்னால் இரண்டடியில் சேறு வந்துவிடும், அதுவும் தெளிவாகவே விழும். அதன் கண் மட்டத்துக்கு நாம் இறங்கினால் பின்னணி ஏரியின் அடுத்த கரைக்குப் போய்விடும், வெறும் நிறமாகக் கரைந்து நிற்கும். பார்க்கிறவருக்கும் அந்தப் பறவை தன் எதிரே நிற்கிற மாதிரி இருக்கும்.

முகம் படச் சட்டம் முழுக்க நிறைய வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காட்டுயிர்ப் படங்கள் எடுத்த மா. கிருஷ்ணன் (1912–1996) பெரும்பாலும் கருப்பு வெள்ளையில்தான் எடுத்தார். யானையோ மானோ, அது நிற்கும் காடும் படத்தில் கூடவே நிற்கும். உன் மீன்கொத்தி உட்கார்ந்திருந்த கம்பியோ கிளையோ இன்னும் நாலு விரல் நீளம் தெரிந்திருந்தால் எனக்கு நிறைவாக இருந்திருக்கும்.

நேலப்பட்டுக்குப் போகலாமா என்று எழுதியிருக்கிறாய். போகலாம், கட்டாயம் போகலாம். 1976-இல் சரணாலயமாக்கிய ஏரி, தண்ணீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருக்கும். எச்சம் கலந்த அந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று ஊர்க்காரர்கள் பறவைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் கூட்டுக்குக் கிட்டே போய் எடுக்க நான் வரமாட்டேன், உன்னையும் விடமாட்டேன். தாய் எழுந்து பறந்தால் இறகு முளைக்காத குஞ்சு வெயிலில் வதங்கும், முட்டையைக் காக்கை தூக்கும். அங்கேயுள்ள பார்வைக் கோபுரத்திலிருந்து பார்த்துவிட்டு வருவோம். படத்துக்கு ஏரிக்கரையே போதும்.

மாசி பிறந்ததும் வா. தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா, இங்கே என் மனைவி அவளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். சேற்றில் படுக்கத் தோதாகப் பழைய வேட்டி இரண்டு எடுத்துக்கொள். அந்த மீன்கொத்தி தினமும் அதே இடத்துக்கு வருகிறதா என்று பார்த்து எழுது. வந்தால் இன்னொரு தடவை போய் உட்கார்.

உன்,
பழைய கூட்டாளி