நாக்கை விரித்துப் பார்

பாம்பன்
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

அம்மாவும் நானும் நலம். வாடைக்காற்று பிடித்துவிட்டது. இரண்டு நாளாக நாட்டுப்படகு எதுவும் கடலுக்குப் போகவில்லை. நீ செவ்வாய்க்கிழமை அனுப்பிய ஷூ படங்கள் இரண்டையும் பார்த்தேன். "மழைக்கும் ஆபீசுக்கும் சேர்த்து எதை வாங்கட்டும் அப்பா?" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இரண்டுமே வேண்டாம் தாயி.

முதல் படத்தில் இருப்பது மலையேறுகிறவர்கள் போடுவது. மழை தாங்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆரஞ்சும் நீலமுமாக இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார உனக்கே மனசு வராது. பையில் இன்னொரு ஜோடியைச் சுமந்துகொண்டு அலைவாய். இரண்டாவது பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் அதன் அடிப்பாகம் முழுக்கத் தோல். கிளாஸ்கோவில் தினமும் நாற்பது நிமிஷம் ஈரக்கல் நடைபாதையில் நடப்பதாகச் சொல்கிறாய். தோல் சோல் நனைந்தால் வழுக்கும், ஊறும், சீக்கிரம் தேயும்.

அப்பாவுக்கு ஷூவைப் பற்றி என்ன தெரியும் என்று நீ கேட்க மாட்டாய். இருபத்தெட்டு வருஷம் ரயில்வேயில் கீமேனாக, தண்டவாளத்தை நடந்தே சோதிக்கிறவனாக இருந்தவன் நான். விடிந்ததும் சுத்தியலும் ஸ்பேனரும் தோளில் போட்டுக்கொண்டு பழைய பாம்பன் ரயில் பாலத்தில் நடப்பேன். 1914-ல் திறந்த பாலம், இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. கட்டைகளுக்கு நடுவே கீழே கடல் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் சாரல் மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்றே தெரியாது. அங்கே நான் கற்றுக்கொண்டது ஒன்று. இரும்புத் தகடு நடுவில் கெடுவது குறைவு. போல்ட் தலைக்கு அடியில், ஒரு தகட்டின்மேல் இன்னொரு தகடு உட்காரும் இடத்தில்தான் உப்புத்தண்ணீர் தங்கும், அங்கேதான் அரிக்கும். ஷூவும் அப்படித்தான். நல்ல தோலுக்குள் தண்ணீர் லேசில் போகாது, இணைப்பு வழியாகத்தான் போகும். அதனால் துண்டு குறைவாக, தையல் குறைவாக உள்ள ஷூவைத் தேடு. முன்பக்கம் ஒரே தோலாக இருந்தால் ரொம்ப நல்லது. பார்வைக்கும் அதுதான் மரியாதையாக இருக்கும்.

கடையில் ஷூவைக் கையில் எடுத்ததும் லேஸை அவிழ்த்து, அதற்கு அடியில் இருக்கும் நாக்கை விரித்துப் பார். சாதாரண ஷூவில் நாக்கு அடியில் மட்டும் தைத்திருக்கும், இரண்டு பக்கமும் திறப்பு. குட்டைத் தண்ணீரில் கால் வைத்தால் அந்த வழியாக நேராக உள்ளே போகும். நல்ல மழை ஷூவில் நாக்கின் இரண்டு ஓரத்திலும் மெல்லிய தோலை மடிப்பாக வைத்துப் பக்கத்தோடு சேர்த்துத் தைத்திருப்பார்கள். விரித்தால் விசிறி மாதிரி விரியும். அந்த மடிப்பு எவ்வளவு உயரம் வருகிறதோ அவ்வளவு உயரம் வரைக்கும் உன் கால் பத்திரம். இதை நான் முப்பது வயதுக்கு மேல்தான் கவனித்தேன். அதுவரை ஒவ்வொரு மழைக்காலத்திலும் என் விரலிடுக்கு வெந்துபோய் வெள்ளையாக இருக்கும். உன் அம்மா மஞ்சள் அரைத்துப் பூசியது உனக்கு ஞாபகம் இருக்கலாம்.

அடுத்து சோல் சேரும் இடம். வெறுமனே பசை போட்டு ஒட்டியதா, தைத்ததா என்று பார். சுற்றிலும் ஒரு தோல் பட்டை வைத்து அதோடு சோலைத் தைப்பதை வெல்ட் என்பார்கள். அந்தத் தையல் மேலே கண்ணுக்குத் தெரியும். சில ஷூக்களில் பட்டையின் உள் ஓரம் வயல் வரப்பு மாதிரி கொஞ்சம் எழும்பி, மேல்தோல் சேரும் இடத்தை மூடியிருக்கும். மழைக்கு அது இன்னும் நல்லது. இப்படித் தைத்ததில் சோல் தேய்ந்தால் பழையதைப் பிரித்துவிட்டுப் புது சோல் போடலாம், மேல்தோல் பல வருஷம் உழைக்கும். விலை அதிகம்தான், ஆனாலும் அதையே வாங்கு. சோல் ரப்பராக இருக்கட்டும். வெட்டு ஆழமில்லாமல், பக்கத்திலிருந்து பார்த்தால் பல் தெரியாத மாதிரி இருந்தால் ஆபீசுக்கும் பொருந்தும்.

பாலியூரித்தேன் என்ற ஒரு வகை பிளாஸ்டிக் சோல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உன் பட்டமளிப்பு விழாவுக்கு நான் போட்டு வந்த கறுப்பு ஷூ ஞாபகம் இருக்கிறதா? நல்ல நாளுக்கு என்று ஆறு வருஷம் பெட்டியோடு பீரோவில் வைத்திருந்தேன், ஒரு நாள்கூட போட்டதில்லை. மண்டபத்துப் படியில் ஏறும்போதே வலது காலில் ஏதோ நெகிழ்ந்தது. குனிந்து பார்த்தால் குதிகால் ரஸ்க் மாதிரி உதிர்ந்து படியில் கிடக்கிறது. விரலால் தொட்டேன், பிசுபிசுவென்று மாவாக ஒட்டியது. நீ மேடையில் பேர் கூப்பிடக் காத்திருந்தாய். காலை இழுத்து இழுத்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தேன், எழுந்து நின்று கை தட்ட முடியவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. பிறகுதான் காரணம் தெரிந்தது. அந்த வகை சோல் காற்றிலுள்ள ஈரத்தாலேயே உள்ளுக்குள் சிதையும், போடாமல் வைத்தாலும் சிதையும். நம் கடற்கரைக் காற்றில் கேட்கவே வேண்டாம். தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று கிடங்கில் பல வருஷம் கிடந்ததை வாங்கிவிடாதே.

கோர்டெக்ஸ் மாதிரி உள்சவ்வு வைத்த ஷூ பற்றியும் கேட்டிருந்தாய். அந்தச் சவ்வில் மிக நுண்ணிய துளைகள். தண்ணீர்த் துளி நுழைய முடியாது, வியர்வை ஆவி மட்டும் வெளியே போகும். நம் ஊர் வெக்கையில் அது அவ்வளவாக வேலை செய்யாது. வெளியேயும் புழுக்கம், ஆவி எங்கே போகும்? உன் ஊர்க் குளிருக்கு அது சரிப்படும். ஆனால் அதை நம்பி மேல்தோலைக் கவனிக்காமல் விடாதே. மேல்தோல் ஊறிவிட்டால் உள்ளே ஈரம் வராவிட்டாலும் கால் சில்லிடும், ஆவியும் வெளியேறாது. சவ்வு உள்ள ஷூவுக்குக் கொழுப்பு, எண்ணெய் தடவாதே. அதற்கென்று விற்கும் ஸ்பிரே போதும். சவ்வு இல்லாத வெறும் தோலுக்குத்தான் மெழுகு.

கறுப்பு அல்லது கரும்பழுப்பு, கணுக்காலை மூடும் உயரம், வேலைப்பாடு எதுவும் வேண்டாம். பாவாடைக்கும் பேண்டுக்கும் சேரும். லேஸ் ஓட்டை வளையம் பித்தளையா என்று பார், இரும்பு துருப்பிடித்துத் தோலில் கறை இறக்கும்.

சாயங்காலம் போய் வாங்கு. பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதுதான் சரியான அளவு. குளிருக்குப் போடும் தடித்த சாக்ஸைக் கையோடு கொண்டு போ. பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். நாக்கின் உள்பக்கம் ‘மேட் இன் இந்தியா’ என்று இருந்தால் யோசிக்காதே. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து எத்தனையோ நாட்டுக்கு ஷூ போகிறது.

நனைந்து வந்தால் ஹீட்டர் பக்கத்தில் வைக்காதே, தோல் வெடிக்கும், பசை விடும். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஊறியதும் மாற்று. பனிக்காலத்தில் அங்கே ரோட்டில் உப்புப் போடுவார்கள் என்றாயே, அது தோலில் வெள்ளைக் கோடாகப் படியும். ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் பாலிஷ் போட வேண்டும். நான் பாலத்திலிருந்து வந்ததும் முதல் வேலையாக நல்ல தண்ணீரில் அதைத்தான் செய்வேன். முடிந்தால் இரண்டு ஜோடி வைத்துக்கொள். ஒன்று காய இன்னொன்று நடக்கட்டும்.

அம்மா நெத்திலிக் கருவாடும் பனங்கற்கண்டும் கட்டி வைத்திருக்கிறாள். அடுத்த மாதம் உன் தோழி வரும்போது கொடுத்து அனுப்புகிறோம்.

கடைக்குப் போனதும், பணம் கட்டுவதற்கு முன்னால், நாக்கை விரித்து ஒரு படமும் சோல் தையலை ஒரு படமும் எடுத்து அனுப்பு. இங்கே ராத்திரி எத்தனை மணியாக இருந்தாலும் முழித்திருந்து பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா